பச்சையாய் நின்ற பயிர் ஏன் சப்பியானது?

திருகோணமலை மாவட்டத்தில், கொட்டியாரக் குடாவை ஒட்டிய ஓர் ஊரிலிருந்து வாசகி ஒருவர் நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். விஷயம் இதுதான்.

கணவர் காலமான பிறகு மூன்று ஏக்கர் வயலை இவரே பார்த்து வருகிறார். வாய்க்காலின் கடைசி வயல். அதற்கு அப்பால் உமரி முளைத்த வெளி, அதற்கும் அப்பால் களப்பு. இந்தச் சிறுபோகத்தில் வழக்கமான மூன்றரை மாத நெல்லையே விதைத்தார். நன்றாக முளைத்தது. மூன்றாவது வாரம் மேட்டுப் பக்கத்தில் திட்டுத் திட்டாகப் பயிர் செத்தது. மீதி தப்பி, மட்டம் வெடித்து (பக்கத் தூர்கள் விட்டு), பச்சையாகவே நின்றது. குடலைப் பருவத்தில், அதாவது கதிர் தண்டுக்குள் உருவாகும் நேரத்தில், வாய்க்கால் தண்ணீர் கடைசி வயலுக்கு எட்டவில்லை. வோட்டர் பம்ப் பூட்டி, வயல் கிணற்றிலிருந்து இரண்டு கிழமை இறைத்தார். அடியிலைகளின் நுனி வெளுத்துக் காய்ந்தது. நோய் என்று மருந்தும் அடித்தார். கதிர் வந்தது, ஆனால் மேட்டுப் பக்கத்தில் பாதி சப்பி, மணி பிடிக்காத பதர்.

விவசாயப் போதனாசிரியர் மீற்றர் கொண்டுவந்து அளந்த கணக்கையும் எழுதியிருக்கிறார். வாய்க்கால் நீர் 0.4, கிணற்று நீர் 5.1. மண், பள்ளப் பக்கம் 3, மேட்டுப் பக்கம் 7. (எல்லாம் உப்பை அளக்கும் டெசிசீமன் கணக்கில்; உப்பு கூடினால் எண்ணும் கூடும். மண்ணைக் குழைத்துப் பிழிந்தெடுத்த சாற்றில் பார்த்தது என்றும் குறித்திருக்கிறார். அந்த ஒரு வரிக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். தண்ணீரில் கலக்கிப் பார்த்தால் வேறு எண் வரும்.)

மாமா சொல்கிறார், இன்னும் கூடத் தண்ணீர் கட்டியிருக்க வேண்டும் என்று. பசளைக் கடைக்காரர் ஜிப்சமும் கூடுதல் பொட்டாசியமும் போடச் சொல்கிறார். கொழுந்தன் வயலை இறால் பண்ணைக்கு ஐந்து வருடக் குத்தகைக்குக் கொடுக்கச் சொல்கிறார். கம்பஸில் படிக்கும் மகன், “நெல்லின் வேருக்கு உப்பைத் தடுக்கத் தெரியும், புத்தகத்தில் இருக்கிறது” என்கிறார். “தடுக்கத் தெரிந்தால் ஏன் தடுக்கவில்லை?” என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். முப்பது வருடமாக வயல்களில் அலைந்தவனுக்கு இதைவிட நல்ல கேள்வி வந்து நாளாகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன், தங்கச்சி.

வேரில் இருக்கும் நண்டு வளை

மகன் சொன்னது சரி. நெற்பயிர் திரியைப் போல இருப்பதையெல்லாம் உறிஞ்சுவதில்லை. வேருக்குள்ளே, நீர்க்குழாய்களைச் சுற்றி ஒரு வரிசை உயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றின் சுவர்களில் நீர் புகாத பொருள் படிந்து ஒரு வளையமாக நிற்கிறது. காஸ்பாரியன் பட்டை என்பார்கள். வயலுக்கு வரம்பு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் வழியாகக் கசிந்து வரும் நீர் அந்த இடத்தில் நின்றாக வேண்டும். அதற்குமேல் உள்ளே போக, உயிரணுவின் சவ்வைத் தாண்ட வேண்டும். சவ்வில்தான் வாசல்கள் இருக்கின்றன. எது உள்ளே, எது வெளியே என்று அங்கேதான் தீர்மானமாகிறது.

ஆனால் எந்த வரம்பிலும் நண்டு வளை இருக்கும், உங்களுக்குத் தெரியாததா? நெல்லின் வேரிலும் உண்டு. பக்கவேர் உள்ளிருந்து பிளந்துகொண்டு வெளியே வரும் இடத்தில் பட்டை கிழிகிறது. வேரின் இளம் நுனியில் பட்டை இன்னும் முற்றியிருக்காது. இந்த இடங்களால் மண்ணின் உப்பு நீர் எந்த வாசலையும் தாண்டாமல் நேரே நீர்க்குழாய்க்குப் போய்விடும். பயிர் குடிக்கும் மொத்த நீரில் இப்படிக் கசிவது மிகச் சிறு பங்குதான். ஆனால் உவர் வயலில் பயிருக்குள் ஏறும் சோடியத்தின் பெரும்பங்கு அந்தக் கசிவோடுதான் வருகிறது. மற்றத் தானியப் பயிர்களைவிட நெல்லுக்கு இந்தப் பலவீனம் அதிகம்.

கசிவின் வேகத்தை முடிவு செய்வது இலை. இலை எவ்வளவு நீரை ஆவியாக விடுகிறதோ, அவ்வளவு வேகமாக வேர் இழுக்கும். நீங்கள் கிணற்று நீர் இறைத்த அந்த இரண்டு கிழமையும் கச்சான் அடித்த நாட்கள். காலை பத்து மணிக்கே முகம் எரியும் அந்தக் காற்றில் பயிர் எவ்வளவு குடித்திருக்கும்! உப்பு நீர், உலர்ந்த காற்று, குடலைப் பருவம், மூன்றும் ஒன்றாகக் கூடிவிட்டன.

உள்ளே வந்த உப்பைப் பயிர் என்ன செய்கிறது

சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உருவம் கிட்டத்தட்ட ஒன்று. பயிருக்குப் பொட்டாசியம் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. சோடியமோ அதன் வேடம் போட்டுப் பொட்டாசியத்தின் வாசல்களிலும் நுழையும். உள்ளே போனபின் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு வேலையைக் கெடுக்கும். ஆகவே உயிரணுவுக்குள் எவ்வளவு சோடியம் இருக்கிறது என்பதைவிட, பொட்டாசியத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்பதே முக்கியம். உவர் தாங்கும் நெல் என்பது அந்த விகிதம் குலையாமல் பார்த்துக்கொள்ளும் நெல்.

அதற்கு அது பல தந்திரம் செய்கிறது. வேரின் வெளிப்புறச் சவ்வில் இருக்கும் ஒரு கடத்தி சோடியத்தைத் திருப்பி மண்ணுக்கே தள்ளும். நீர்க்குழாயில் ஏறிவிட்ட சோடியத்தை, குழாயின் ஓரத்து உயிரணுக்கள் வழியிலேயே எடுத்துக்கொள்ளும். இதைச் செய்யும் கடத்திக்கு எச்.கே.ரி. 1;5 என்று பெயர். நோனா போக்ரா என்ற உவர் தாங்கும் நெல்லில் இதற்கான மரபணுவைச் சீன ஆய்வாளர்கள் 2005 இல் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். கேரளக் கரையோரத்தின் பொக்காளி நெல்லிலும், உவரைத் தாங்கும் குணம் பெரிதும் இதே மரபணு இருக்கும் பகுதியோடுதான் இணைந்திருக்கிறது. அப்படியும் தப்பி மேலே போகும் சோடியத்தை இலையின் மடல் பிடித்து வைக்கும். உயிரணுவுக்குள் புகுந்ததை உள்ளறை ஒன்றில் போட்டுப் பூட்டும்.

எல்லாம் தோற்றால் கடைசியாக ஒன்று செய்யும்: வயதான இலைகளைப் பலி கொடுத்து இளம் இலையைக் காப்பாற்றும். நீங்கள் நோய் என்று நினைத்து மருந்து அடித்தீர்களே, அது இதுதான். கொள்ளை நோய் (குலை நோய் என்றும் சொல்வார்கள்) என்றால் இலை நடுவில், கண் போன்ற கூரிய புள்ளி, சாம்பல் நிற மையத்தோடு இருக்கும். உவர் என்றால் அடியிலையின் நுனி வெளுக்கும், அங்கிருந்து கீழே காய்ந்துகொண்டு வரும், நடுவிலுள்ள குருத்து மட்டும் பச்சையாக நிற்கும். அடுத்தமுறை குனிந்து அதைப் பாருங்கள். மருந்துச் செலவு மிச்சம்.

தள்ளுவது, பிடிப்பது, பூட்டுவது என்று இதெல்லாம் சும்மா நடப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் பயிர் தன் சக்தியைச் செலவழிக்கிறது. வளர்ச்சிக்குப் போகவேண்டியது காவலுக்குப் போகிறது. அதனால்தான் தாங்கி நிற்கும் பயிரும் குட்டையாக நிற்கிறது. உங்கள் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது: பயிர் தடுத்தது, ஆனால் எத்தனை நாளுக்குத் தடுக்க முடியுமோ அத்தனை நாளுக்குத்தான்.

முளைத்ததே, பிறகு எப்படி உவர்?

கடிதத்தில் ஓர் இடத்தில், “நன்றாக முளைத்தபடியால் மண்ணில் குறையில்லை என்று நினைத்தேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும். இரண்டு மூன்று இலை விட்ட பருவத்தில் கொஞ்சமும் தாங்காது. மட்டம் வெடிக்கும்போது மறுபடி தாங்கும். குடலையில் தொடங்கிப் பூக்கும் வரை மறுபடி நொய்ந்துபோகும். உங்கள் வயலில் நடந்ததை இதோடு ஒப்பிடுங்கள். மூன்றாவது வாரம் மேட்டில் பயிர் செத்தது முதல் நொய்வு. நடுவில் பச்சையாக நின்றது தாங்கும் காலம். கிணற்று நீர் போனது இரண்டாவது நொய்வில். அந்த நேரம் மகரந்தம் கெட்டால் மணி பிடிக்காது, இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் சரி.

எண்களும் அதையே சொல்கின்றன. மண் சாற்றில் 3 வரை நெல்லின் விளைச்சல் குறையாது, அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 12 வீதம் குறையும் என்பது உலகெங்கும் பயன்படுத்தும் கணக்கு. உங்கள் பள்ளப் பக்கம் 3, தப்பியது. மேட்டுப் பக்கம் 7, நான்கு அலகு கூட, அதாவது 48 வீத இழப்பு. நீங்கள் பாதி சப்பி என்கிறீர்கள். இது சராசரிக் கணக்குத்தான்; இவ்வளவு பொருந்தி வந்ததில் எனக்கே கொஞ்சம் ஆச்சரியம். பாய்ச்சும் நீருக்கு அளவு இன்னும் இறுக்கமானது. ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் அட்டவணைப்படி 2 வரை பயமில்லை, 4.8 இல் பாதி போய்விடும். உங்கள் கிணறு 5.1.

மேடு ஏன் மோசம் என்றும் கேட்டிருந்தீர்கள். பள்ளத்தில் நிற்கும் நீர் உப்பைக் கீழே அழுத்தும். மேட்டில் நீர் வற்றி மண் காயும்போது, அடியிலுள்ள உவர் மேலேறி, நீர் மட்டும் ஆவியாகி, உப்பு தங்கிவிடும். வரம்பின் உச்சி வெள்ளையாகப் பூத்திருக்குமே, அதே கதை.

மற்ற மூவர் சொன்னதையும் ஒவ்வொன்றாக

மாமாவின் யோசனையில் பாதி நியாயம் உண்டு. நல்ல தண்ணீரைக் கட்டி நிறுத்தி, பிறகு வடித்து விட்டால் உப்பு போகும். வடிக்காமல் தேக்கி வைத்தால் போகாது. உவர் நீரை நாட்கணக்கில் தேக்கினால் வேருக்கு மூச்சும் முட்டும். நெல்லின் வேருக்குள் காற்றுக் குழாய்கள் இருந்தாலும், சோடியத்தை வெளியே தள்ளும் சக்தி அப்போது குறைகிறது. கட்டுவதும் வடிப்பதும் சேர்ந்தால்தான் கழுவுதல். ஆகவே மாமாவிடம் “வடிகால் எங்கே மாமா?” என்று மட்டும் கேளுங்கள்.

ஜிப்சம் விஷயத்தில் நானும் ஒருகாலத்தில் தவறியவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வடிகாலே இல்லாத ஒரு வயலுக்கு ஜிப்சம் போடச் சொன்னேன். அந்த மனுசன் கடன் வாங்கிப் போட்டார். அறுவடையில் ஒரு மூடைகூடக் கூடவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஜிப்சம் உப்பைத் தின்பதில்லை. களிமண்ணில் ஒட்டிக்கிடக்கும் சோடியத்தைக் கழற்றி அந்த இடத்தில் கல்சியத்தை வைக்கும். கழன்ற சோடியத்தை நல்ல நீரும் வடிகாலும்தான் வெளியேற்ற வேண்டும். மண் சோடியம் ஏறி இறுகிப்போன மண்ணா, வெறும் உவர் மண்ணா என்று முதலில் தெரிய வேண்டும். பரிசோதனைக்குக் கொடுக்கும்போது சோடிய வீதத்தையும் (களிமண்ணில் ஒட்டியிருப்பவற்றில் சோடியத்தின் பங்கு) பி.எச். அளவையும் கேட்டு வாங்குங்கள். சோடிய வீதம் 15க்கு மேல் என்றால் ஜிப்சம் பற்றிப் பேசலாம். இல்லையென்றால் கடைக்காரருக்கு ஒரு சிரிப்போடு விடை கொடுங்கள்.

பொட்டாசியம் வேண்டும், ஆனால் கூடுதலாக அல்ல. கடையில் கிடைப்பது பொட்டாசியம் குளோரைட். அதுவும் ஓர் உப்புத்தான். ஏற்கெனவே 7 இல் இருக்கும் மேட்டில் அள்ளிப் போட்டால் எரியும் வீட்டில் எண்ணெய். விவசாயத் திணைக்களம் சொல்லும் அளவை, ஒரேயடியாகப் போடாமல் பிரித்து, மண்ணைக் கழுவிய பிறகு போடுங்கள். போட்ட கையோடு வயலை வடித்தால் பசளையும் களப்புக்குப் போகும். பயிர் மூன்று நான்கு கிழமையில் துருப்பிடித்த மாதிரிப் பழுப்புப் புள்ளிகளோடு நின்றால் நாகக் (துத்தநாகக்) குறைபாடாகவும் இருக்கலாம். அப்போது போதனாசிரியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கொழுந்தனின் இறால் குத்தகை பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நான் வழக்கறிஞன் அல்ல, ஆனால் இவ்வளவு தெரியும்: 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, நெற்காணியை வேறு தேவைக்குத் திருப்புவதற்குக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். இறால் வளர்க்கத் தனி அனுமதிப்பத்திரமும் வேண்டும். காணி உங்கள் பெயரில் இருந்தால், நாளை கேள்வி உங்களிடமும் வரும், குத்தகைக்காரரிடம் மட்டும் அல்ல. கமநல சேவை நிலையத்தில் கேட்காமல் எந்தக் கடதாசியிலும் கையெழுத்து வைக்காதீர்கள். மண்ணின் கதை வேறு. ஐந்து வருடம் உவர் நீர் நின்ற களிமண்ணில் சோடியம் ஒட்டிப்போகும். கசிவு பக்கத்து வயலுக்கும் போகும், பகையும் போகும். பொக்காளி நாட்டில் நெல்லும் இறாலும் மாறிமாறி வளர்க்கிறார்களே என்று கொழுந்தன் சொல்லக்கூடும். உண்மைதான். அங்கே பருவமழை ஒவ்வொரு வருடமும் வயலைக் கழுவுகிறது. மழைக்கு முன்பே மண்ணைச் சிறு மேடுகளாகக் குவித்து, உப்பு கழுவுண்டு போனபின் அந்த மேடுகளிலேயே விதைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த ஒழுங்கு அது. கிணறு தோண்டிக் குளம் கட்டும் குத்தகை அல்ல.

பெரும்போகத்துக்கு என்ன செய்யலாம்

காலம் உங்கள் பக்கம் இருக்கிறது. நம் மாவட்டத்துக்கு வருட மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தை வரை. முதல் மழைக்கே அவசரப்பட்டு, உலர்ந்த மண்ணில் புழுதி விதைப்புப் போடாதீர்கள். முதல் மழை மேலே பூத்த உப்பைக் கரைத்து, நாற்றின் வேர் நிற்கும் இடத்துக்கே கொண்டுபோய் வைக்கும். வரம்புகளைக் கட்டி நண்டு வளைகளை அடைத்துவிடுங்கள், மேட்டை வெட்டிச் சமப்படுத்துங்கள், களப்புப் பக்கம் ஒரு வடிகால் வெட்டுங்கள். உழுது, மழை நீரையோ வாய்க்கால் நீரையோ நிறுத்தி, ஓரிரண்டு நாள் விட்டு வடியுங்கள். இரண்டு மூன்று முறை. நடுவில் மண்ணைக் காயவிட வேண்டாம், காய்ந்தால் கீழே போன உப்பு மறுபடி ஏறும். வடிப்பது பக்கத்து வயலுக்குள் போகாமலும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வடியும் நீரைப் போதனாசிரியரின் மீற்றரில் காட்டுங்கள். எண் இறங்குவதைக் கண்ணால் பார்த்தால் மாமாவும் நம்புவார்.

இனத்தைப் பொறுத்தவரை ஏ.ரி. 354, ஏ.ரி. 401 இரண்டும் உவருக்கென்று அம்பலாந்தோட்டை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. முன்னது மூன்றரை மாதம், பின்னது நான்கு மாதம். மூன்றரை மாதத்துக்குப் பழகிய உங்களுக்கு 354 இலகு. ஆனால் “உவர் நெல் போட்டால் மண் இனிக்கும்” என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அது பிழை. அந்த நெல்லின் திறமையே உப்பை எடுக்காமல் இருப்பதுதான். எடுக்காத உப்பு மண்ணில்தானே கிடக்கும்? தாங்கும் நெல் என்றால் உப்பை விரும்பும் நெல் என்று நினைக்கவும் வேண்டாம். பள்ளப் பக்கத்துக்கு வழக்கமான நெல்லே போதும். மேட்டுக்கு மட்டும் 354 போட்டு ஒரு போகம் பாருங்கள்.

மேட்டுப் பக்கம் விதைக்காமல் நடுவது இன்னும் நல்லது. வீட்டுப் பக்கத்து நல்ல மண்ணில் நாற்றுமேடை போட்டு, 25 நாள் வரை வளர்த்து, குத்துக்கு ஒன்றிரண்டு நாற்று கூட வைத்து நட்டால், அந்த மூன்று இலைப் பருவத்தை நாற்று உவரில்லாத இடத்தில் கழித்துவிடும். கூலி கூடும், தெரியும். மேட்டுத் திட்டு கால் ஏக்கருக்கு மேல் இல்லை என்று நீங்களே எழுதியிருப்பதால் சொல்கிறேன்.

கிணறும் கூட்டமும்

களப்புக்குப் பக்கத்துக் கிணற்றில் எவ்வளவு வேகமாக இறைக்கிறோமோ அவ்வளவு வேகமாக அடியிலுள்ள உவர் நீர் மேலேறும். உங்கள் 5.1 முதல் நாள் அளந்ததா, பதினாலாம் நாள் அளந்ததா? முதல் நாள் என்றால் கடைசி நாளில் இன்னும் கூடியிருக்கும். உப்பாறு என்று பேர் வைத்த ஊர்க்காரர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. அந்தக் கிணற்றைக் குடலைப் பருவத்தில் தொடவேண்டாம். வேறு வழியே இல்லையென்றால், மட்டம் வெடிக்கும் காலத்தில், வாய்க்கால் நீரோடு கலந்து ஒருமுறை பாய்ச்சலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் குடலைக்குத் தண்ணீர்? இது மண்ணின் பிரச்சினையல்ல, கூட்டத்தின் பிரச்சினை. போக ஆரம்பக் கூட்டத்துக்கு மாமாதான் போகிறார், நீங்கள் போவதில்லை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்திருக்கிறீர்கள். காணிக்காரர் நீங்கள். அங்கே உட்காரவும் பேசவும் உங்களுக்கு உரிமை உண்டு. விதைப்புத் திகதியும் தண்ணீர் முறையும் அங்கேதான் முடிவாகின்றன. மாமாவையும் கூட்டிக்கொண்டே போங்கள், அவர் மனம் நோகாது. “கடைசி வயல்களுக்குக் குடலை நேரம் ஒரு முறை முந்தித் தாருங்கள்” என்று கேளுங்கள், கேட்டதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். சும்மா தண்ணீர் வேண்டும் என்றால் எல்லோருக்கும்தான் வேண்டும் என்பார்கள். 0.4, 5.1 என்ற இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை வடித்த பிறகு மேட்டு மண்ணை அளந்து எனக்கு எழுதுங்கள். 4க்குக் கீழே வந்திருந்தால் நடலாம். வரவில்லை என்றால் இந்தப் போகம் அந்தக் கால் ஏக்கரை நடாமல் விட்டுவிட்டு மழையை மட்டும் கட்டி வடியுங்கள், விதைநெல்லை வீணாக்க வேண்டாம்.